ஊசிவாசலில் கூவுகிறவர்கள்

உக்காருங்க சார், உக்காருங்க. அந்தக் கல்லு சுடும், இப்படி மரத்தடிக்கு வாங்க. முட்டியில ஆபரேஷன் பண்ணின காலை வெச்சுக்கிட்டு வீரணமலைக் கோட்டைக்கு வந்திருக்கீங்க, அதுவும் காணும் பொங்கல் அன்னைக்கு. உங்க தைரியத்தை மெச்சணும். வீட்டம்மாவும் பாப்பாவும் மேல போயிருக்காங்க இல்ல? மஞ்சக் கவுன் போட்ட பாப்பா. பாத்தன், பாத்தன். அந்தம்மா பையைத் தடவிப் பாத்து மேல அனுப்பினதே நான்தான். நல்ல சிரிச்ச முகம். கவலையே படாதீங்க. நம்ம கண்ணுக்குத் தப்பி இந்த மலையில ஒரு ஈ ஏறாது, ஒரு ஈ எறங்காது.

என் பேரு துலுக்காணம். புளியமரத்தடியில உக்காந்து ஜனங்க பையில பிளாஸ்டிக் இருக்குதான்னு பாக்கிறவன்னு நெனச்சுடாதீங்க. போன பொங்கல் வரைக்கும் நான் ஊசிவாசல் வாட்ச்மேன். தினக்கூலிதான், ஆனா சாவி என் இடுப்புல. கோட்டைக்கு ராசா யாருன்னு கேட்டா ஊர்ப் பசங்க என்னைக் கை காட்டும். இப்ப பாருங்க, பாட்டில் மூடி பொறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கன். யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க. எனக்கு அடி சறுக்கலை சார், புடிச்சுத் தள்ளிட்டாங்க.

ஊசிவாசல் தெரியாதா? தோ, படி அந்தப் பெரிய பாறைக்கு அந்தாண்ட திரும்புது பாருங்க, அதைத் தாண்டினா வாசல். இங்க இருந்து தெரியாது. ஆனா எல்லாம் கேக்கும். மேல போறவங்க அத்தனை பேரும் அதுக்குள்ள பூந்துதான் போகணும். பாறையைக் கொடைஞ்சு வழி பண்ணியிருக்கான். ஒரு ஆள் போற அகலம், அவ்ளோதான். எதுர்ல ஒருத்தன் வந்தா ரெண்டு பேரும் செவத்தோட ஒட்டி மூச்சைப் புடிச்சுக்கிட்டுத்தான் தாண்டணும். உள்ள ரெண்டு வளைவு. முதல் வளைவு திரும்பினா இருட்டு, உங்க கை உங்களுக்கே தெரியாது. ராசா காலத்துல எதிராளி பட்டாளம் உள்ள பூந்தா, இந்தாண்ட கதவையும் அந்தாண்ட கதவையும் சாத்திட்டு, மேல ஓட்டை வழியா காய்ச்சின எண்ணெயை ஊத்துவாங்களாம். முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் வர முடியாது. உள்ள வந்தவன் வந்தவன்தான். என்னா மூளை பாருங்க. நான் வாசல்ல இருந்தப்ப வர்றவங்களுக்கெல்லாம் இதைச் சொல்வன். பிள்ளைங்க வாயைத் தொறந்துக்கிட்டு கேக்கும்.

தோ, கேக்குதா? ஊ...ன்னு. பயந்துட்டீங்களா? அது கூவறது சார். அந்த வாசலுக்குள்ள போனா கூவணும், அது வழக்கம். எப்ப ஆரம்பிச்சதோ தெரியாது, எங்க அப்பன் காலத்துலயும் கூவினாங்க. சத்தம் ரெண்டு வளைவையும் சுத்திக்கிட்டு நம்ம காதுக்கே திரும்பி வரும், அதைக் கேக்கிறதுக்கு. பொடிசுங்க கூவும், கெழடுங்க கூவும். ஒருதரம் யாரோ பெரிய ஆபீசர், கறுப்புக் கண்ணாடியும் பூட்சும் போட்டுக்கிட்டு வந்தாரு. இந்தாண்ட அந்தாண்ட பாத்துட்டு அவரும் கூவினாரு. உங்க பாப்பா போறப்பவும் கூவிச்சு, நான் கேட்டன். கிளி மாதிரி குரல். எங்களுக்கு இந்தச் சத்தம் பழகிப்போச்சு. கூவாம யாராச்சும் போனாத்தான் என்னாடா ஆச்சுன்னு எட்டிப் பாப்பம்.

வருஷம் முழுக்க இந்தக் கோட்டையில ஆள் இருக்காது சார். காதலிக்கிறதுங்க வரும், குரங்கு இருக்கும், அவ்ளோதான். காணும் பொங்கல் வந்துச்சுன்னா மாவட்டமே இங்கதான். வேன்ல, ட்ராக்டர்ல, ஷேர் ஆட்டோவுல, பைக்ல மூணு மூணு பேரா. புளிச்சோத்துத் தூக்கு என்னா, கரும்பு என்னா, பாயி என்னா. மேல ராசா காலத்து நெல்லுக் களஞ்சியம் இருக்கிற பாறையில இலை போட்டு சாப்பிட்டாத்தான் பொங்கல் முடிஞ்ச மாதிரி. அன்னைக்கு யாராவது இலை போட்டு கூப்பிட்டா மாட்டேன்னு சொல்லக்கூடாது. தெரியாத ஆளா இருந்தாலும் உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும். சொல்லக்கூடாதுன்னா கூடாதுதான். அதுல எல்லாம் எங்க ஜனம் ரொம்ப மரியாதை.

ஆனா கூட்டம்னு வந்துட்டா மரியாதையும் இல்ல மண்ணும் இல்ல. கூட்டத்தோட கோவிந்தாதான். ஏறறவன் ஏற, எறங்கறவன் எறங்க, வாசலுக்கு உள்ள ரெண்டும் முட்டிக்கும். செருப்பு போயிடும், கொலுசு போயிடும், ஒருத்தி தாலியே அறுந்துபோச்சு. அடிதடி கூட நடந்திருக்கு. நான் பாத்தன். இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு எவனுக்கும் தோணலை. எனக்குத் தோணிச்சு.

நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னால ஆடு வெச்சிருந்தன் சார். பட்டி தெரியுமா? ஆட்டை ராத்திரி அடைக்கிற எடம். முள்ளு கட்டி, படல் வெச்சு சாத்துவம். ரெண்டு பக்கம் படல் இருந்தா ஆட்டை என்னா வேணா பண்ணலாம். இந்தாண்ட தொறந்து விட்டு சாத்து, அந்தாண்ட தொறந்து வெளிய விடு. மனுசனும் கூட்டமா ஆயிட்டா ஆடுதான். ஊசிவாசலுக்கு ரெண்டு பக்கமும் கம்பிக் கதவு இருந்துது. கீழ்க்கதவுல நான், மேல்கதவுல எங்க மச்சான் ஏகாம்பரம். ஏறறவங்களைக் கொஞ்சம் பேரை உள்ள விட்டுட்டு நான் பூட்டுவன். அந்தாண்ட அவன் தொறந்து வெளிய விடுவான். அப்புறம் எறங்கறவங்களை அவன் உள்ள விட்டுப் பூட்டுவான், நான் தொறப்பன். ஒருத்தரோட ஒருத்தர் முட்டவே மாட்டாங்க. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்னு சொல்றது சும்மா இல்ல. பேப்பர்க்காரன் கூட போட்டோ எடுத்துக்கிட்டுப் போனான். நாலஞ்சு வருஷம் ஜோரா ஓடிச்சு.

போன வருஷம் நடந்ததைத்தான் ஆளுக்கு ஒண்ணா திரிச்சுப் பேசறாங்க. உங்ககிட்ட உள்ளதை உள்ளபடி சொல்றன், நீங்களே சொல்லுங்க யார் மேல தப்புன்னு. உச்சி வெயில் நேரம். ஏறற கூட்டத்தை உள்ள விட்டுட்டு நான் கீழ்க்கதவைப் பூட்டினன். என் வேலை முடிஞ்சுது. அந்தாண்ட ஏகாம்பரம் தொறக்கணும். அவன் தொறக்கலை. ஏன்? அவன் பொண்ணைக் கட்டின ஊட்டுச் சனம் மேல களஞ்சியத்துல இலை போட்டுட்டுக் கூப்பிட்டுட்டாங்க. சம்பந்தி இலை போட்டுக் கூப்பிட்டா எவன் மாட்டேன்னு சொல்வான்? சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுப் போய் உக்காந்துட்டான். நான் இன்னும் ஆளை உள்ள விடலைன்னு நெனச்சிருக்கான். அவனையும் சொல்லிக் குத்தம் இல்ல.

உள்ள கூவ ஆரம்பிச்சாங்க. நானும் சிரிச்சுக்கிட்டு பாறை மேல உக்காந்திருந்தன். கூவல் பெருசாச்சு. காலேஜ் பசங்க போலன்னு நெனச்சன். மேல்கதவைப் புடிச்சு ஆட்டற சத்தம் கேட்டுது. குடிச்சவனுங்க வந்தா ஆட்டுவானுங்க, அதுவும் வழக்கம்தான். அப்புறம் சத்தம் நின்னுடுச்சு. சுத்தமா நின்னுடுச்சு. அப்பாடா, ஒழுங்குக்கு வந்துட்டாங்கன்னு ஒரு பீடியைப் பத்த வெச்சன்.

அவ்ளோதான் சார் நடந்தது.

நெரிசல்ல மாட்டின அந்தம்மா யாரோ, பேரு கூட எனக்குத் தெரியாது. வெளியூரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே போயிட்டாங்க. இன்னும் சில பேருக்கு விலா எலும்பு ஒடைஞ்சுது, பொழச்சுக்கிட்டாங்க. அந்தம்மாவுக்கு முன்னாடியே மூச்சு இரைப்பு உண்டுன்னு அவங்க அண்ணனே சொன்னாரு. அப்ப ஏன் மலை ஏறணும்? சொல்லுங்க. ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. வெளிய தூக்கிட்டு வந்தப்ப, மேல போய் சாப்பிடறதுக்குன்னு சுருட்டி வெச்சிருந்த வாழையிலை அவங்க கையிலயே இருந்துது. அவங்க சேலை கிழிஞ்சிருக்கு, வளையல் எல்லாம் நொறுங்கியிருக்கு. இலை மட்டும் கசங்கவே இல்ல. தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிருந்தாங்க போல. அது என்னவோ அப்பப்ப ஞாபகம் வரும். வேற ஒண்ணும் இல்ல.

தண்ணி குடிக்கிறீங்களா? மோர் இருக்கு. வேணாமா. சரி.

அதுக்கப்புறம்தான் அமலோற்பவம் மேடம் வந்தாங்க. கோட்டைக்குப் புதுசா போட்ட ஆபீசர். பாக்கச் சின்னப் பொண்ணு, பேச்சு மட்டும் பெரிய பேச்சு. தோ, கீழ வண்டி நிறுத்தற எடத்துல நீலப் புடவை தெரியுது பாருங்க, அதுதான். என்னைக் கூப்பிட்டு வெச்சு எல்லாத்தையும் கேட்டாங்க. நானும் உங்ககிட்ட சொன்ன மாதிரியே சொன்னன். எல்லாம் கேட்டுட்டு ஒண்ணு கேட்டாங்க சார்.

"கூவறதுக்கும் கத்தறதுக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியலையா துலுக்காணம்?"

எனக்குக் கோவம் வந்துடுச்சு. வாங்க மேடம், வெளிய நின்னு கேட்டுப் பாருங்கன்னு இட்டுக்கிட்டுப் போனன். உள்ள நாலு பிள்ளைங்களை விட்டு, ரெண்டு பேரைக் கூவச் சொன்னன், ரெண்டு பேரைக் காப்பாத்துங்கன்னு கத்தச் சொன்னன். எல்லாம் ஒண்ணாத்தான் கேட்டுது. பாறை அப்படி. மேடம் மூஞ்சி செத்துப்போச்சு. அத்தோட என்னை விட்டிருக்கணும் இல்ல? விடலை. அப்படின்னா இந்த வாசலுக்குக் கதவே இருக்கக்கூடாதுன்னுட்டாங்க. மேல்கதவைக் கழட்டியே எடுத்துட்டாங்க. கீழ்க்கதவு கீலு துருப்புடிச்சு வரலை, வெல்டர் வரணும், பொங்கல் கழிச்சுதான் வருவானாம். பூட்டை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனாங்க. என்னைப் புளியமரத்துக்கு மாத்தினாங்க. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எங்க ஊட்டுக்காரி மூணு நாள் என்கூடப் பேசலை. ஏகாம்பரம் வேலையை விட்டுட்டு செங்கல் சூளைக்குப் போயிட்டான். இப்பல்லாம் என் மூஞ்சியில முழிக்கறதே இல்ல.

மேடம் முறை என்னான்னு கேளுங்க, சிரிப்பீங்க. கூட்டத்தை மேல தடுக்கக்கூடாதாம், கீழ அடிவாரத்துலயே கயிறு கட்டி நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமா விடணுமாம். கயித்துக்கு நிக்குமா காணும் பொங்கல் கூட்டம்? காலையிலயே அறுத்துக்கிட்டுப் பூந்துட்டாங்க. மேடம் அப்ப இருந்து வேன்காரங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்குது. இன்னைக்கு மாதிரி கூட்டம் நான் ஆயுசுல பாத்தது இல்ல சார். மேல களஞ்சியத்துல எள்ளு போட்டா எள்ளு விழாது.

ஊசிவாசல்ல காலேஜ் பசங்க ரெண்டு பேரை மேடம் நிறுத்தியிருந்தாங்க. பச்சை டீசர்ட்டு போட்டுக்கிட்டு விசில் ஊதிக்கிட்டு நின்னுதுங்க பாவம். விடிகாலையில வந்ததுங்க, மதியம் தாண்டியும் ஒரு பன்னு கூட வயித்துல இல்ல. எனக்கு மனசு கேக்கலை. எங்க ஊட்டுக்காரி கட்டிக் குடுத்த புளிச்சோறு முழுசையும் அதுங்ககிட்ட குடுத்து, கொளத்தாண்ட போய் இலை போட்டு நிம்மதியா சாப்பிடுங்கடா, வாசலை நான் பாத்துக்கறன்னு அனுப்பினன். வேணாம்ணே, மேடம் திட்டுவாங்கன்னுதுங்க. காணும் பொங்கல் அன்னைக்கு சோத்தை வேணாம்னு சொல்லக்கூடாதுடான்னன். போயிடுச்சுங்க.

இப்ப வாசல்ல யாருன்னு கேக்கறீங்களா? யாரும் தேவை இல்ல சார். பூட்டியிருக்கன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? உக்காருங்க. மேடம் பூட்டை எடுத்துட்டா எனக்குப் பூட்டு இல்லையா? எங்க பட்டியில போட்ட பழைய பூட்டு, திண்டுக்கல் பூட்டு, ஆனை மிதிச்சாலும் ஒடையாது. காலையிலயே மடியில சொருகிக்கிட்டுதான் வந்தன். தோ, சாவி. வேட்டிக்குள்ள இருக்கு, கொஞ்சம் மறைச்சுக்கங்க, நீலப் புடவை இந்தாண்ட திரும்புது. கணக்கு ரொம்பச் சுளுவு. மேல இடம் இல்ல. அதனால இனிமே எவனும் ஏறக்கூடாது, கீழ்க்கதவைப் பூட்டியாச்சு. ஏற வந்தவங்களை எல்லாம் போய் நிழல்ல உக்காருங்க, அப்புறம் விடறன்னு அனுப்பிட்டன். அதான் பாருங்க, படியில ஒரு ஆள் இல்ல, வாசல்ல ஒரு ஆள் இல்ல. எவ்ளோ அமைதி. மேடத்தால இப்படிப் பண்ண முடிஞ்சுதா?

எறங்கறவங்களா? அவங்களுக்குக் குதிரைப்பாதை இருக்குதே சார். அந்தாண்டப் பக்கம் சுத்திக்கிட்டு எறங்கும். கொஞ்சம் தூரம்தான், அதனால வழக்கமா எவனும் அதுல போறது இல்ல, ஆனா அகலம். பாறையில சுண்ணாம்பால அம்புக்குறி கூட போட்டிருக்கன். எந்தப் பாறையா? மேல்வாசலுக்குப் பக்கத்துல, நல்லா தெரியும். அது மேல யாராவது பாய் விரிச்சு உக்காராம இருந்தா தெரியும். தெரியாட்டித்தான் என்னா? ஊசிவாசல்ல பூந்து வருவாங்க, கீழ்க்கதவு பூட்டியிருக்கிறதைப் பாப்பாங்க, திரும்பிப் போயிடுவாங்க. ஆடு இல்லையா சார்? படல் சாத்தியிருந்தா ஒருதரம் முட்டிப் பாத்துட்டுத் திரும்பிடும். மனுசனுக்கு அதை விட அறிவு இருக்காதா?

பின்னாடி இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்னா... அவனுக்கு முன்னாடி இருக்கிறவன் சொல்லுவான். சத்தமா சொன்னா கேக்காதா என்னா.

உங்க போன் அடிக்குது பாருங்க. எடுங்க. வீட்டம்மாவா? நல்லதாப் போச்சு, பேசுங்க, அப்பத்தான் உங்களுக்கு நிம்மதியா இருக்கும்.

என்னா சொல்றாங்க? எறங்கறாங்களா? குதிரைப்பாதையிலதான? இல்லையா? ஊசிவாசல்லயா. ஊசிவாசலுக்குள்ள பூந்துட்டாங்களா, இல்ல வெளிய வரிசையில நிக்கறாங்களா கேளுங்க. பின்னாடி ரொம்ப கூட்டமா. தள்ளறாங்களா. பாப்பா கையைக் கெட்டியா புடிச்சுக்கச் சொல்லுங்க. திரும்பி வெளிய வரச் சொல்லுங்க சார், சொல்லுங்க, குதிரைப்பாதைன்னு ஒண்ணு இருக்கு, இடது கைப்பக்கமா... கட்டாயிடுச்சா? உள்ள போயிருப்பாங்க. பாறை சார், டவர் கெடைக்காது. மறுபடி அடிச்சுப் பிரயோஜனம் இல்ல.

அட, எழுந்திரிக்காதீங்க. முட்டி என்னாத்துக்கு ஆகும். சொன்னாக் கேளுங்க. ஒண்ணும் ஆகாது. தோ கேளுங்க, கூவறாங்க. சந்தோசமா கூவறாங்க. காணும் பொங்கல் இல்லையா? உங்க பாப்பா குரல் கூட இருக்கும் அதுல, காதைக் குடுத்துக் கேளுங்க. எனக்கென்னமோ கிளி மாதிரி கேக்குது.

சாவியா? உங்ககிட்ட எப்படி சார் குடுக்க முடியும்? நீங்க பெரிய மனுசன், கோவப்படாதீங்க. நான் தொறக்க மாட்டேன்னா சொல்றன்? தொறக்கறன். பிரச்சனை என்னான்னா, அந்தாண்ட பாருங்க, மேடம் படி ஏறி வருது. கரெக்டா இப்பத்தான் அதுக்கு ஏறணும். நான் சாவியை எடுத்துக்கிட்டுப் படியில ஓடினா பாத்துடும். பூட்டு எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்கும். இந்தப் புளியமரமும் போயிடும் சார் எனக்கு. அம்பது வயசுக்கு மேல எவன் வேலை குடுப்பான்? மேடம் அந்தப் படி வளைவுல தண்ணித் தொட்டியாண்ட நிக்கும், எப்பவும் நிக்கும், மூச்சு வாங்கும் அதுக்கு. அது அந்தாண்ட திரும்பினதும் போய் நைசா தொறந்துட்டு வந்துடறன். யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் உக்காருங்க. என் சட்டையை விடுங்க சார். விடுங்கன்றன்.

ஆமா, கம்பியை ஆட்டறாங்க. எனக்கும்தான் கேக்குது, நான் என்னா செவிடா? ஆட்டுவாங்க. முன்னாடி வந்தவன் பூட்டைப் பாத்துட்டு ஒருதரம் ஆட்டிப் பாப்பான். அப்புறம் திரும்புவான். இப்பத் திரும்பிடுவான் பாருங்க. இன்னும் கொஞ்சம் கூவுவாங்க, ஆட்டுவாங்க, அப்புறம் ஒழுங்குக்கு வந்துடுவாங்க. கூட்டம்னா அப்படித்தான். எனக்குத் தெரியாத கூட்டமா? நீங்க ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போறவங்க, நான் இங்கயே கெடக்கிறவன். மேடம் நின்னுடுச்சு பாருங்க. நான் சொன்னன்ல, தொட்டியாண்ட நிக்கும்னு. யாரோ வேன்காரன் கூப்பிடறான். திரும்பு தாயே, கொஞ்சம் அந்தாண்ட திரும்பு.

தோ. நின்னுடுச்சு.

பாத்தீங்களா? சத்தம் நின்னுடுச்சு. கம்பி சத்தமும் இல்ல. நான் என்னா சொன்னன்? திரும்பிப் போயிட்டாங்க. இதுக்குப் போய் என் சட்டையைக் கிழிச்சுட்டீங்களே சார். உக்காருங்க, இப்பவாச்சும் மோர் குடிங்க. உக்காருங்க.

சார்.

திரும்பிப் போறவங்க கூவிக்கிட்டுத்தான சார் போவாங்க?

ஒருத்தர் கூட கூவலை.

எழுந்திருங்க. எழுந்திருங்க சார். தடியை விடுங்க, என் தோளைப் புடிச்சுக்கங்க. இல்ல, நீங்க வராதீங்க, நேரம் ஆகும், நான் ஓடறன். சாவி... தோ இருக்கு, கையிலதான் இருக்கு. நீங்க மேடத்தைக் கூப்பிடுங்க. ஆஸ்பத்திரி வண்டியை வரச் சொல்லுங்க. வாயால கூப்பிட்டா வராது சார், இங்க கத்தினா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. துண்டை எடுத்து ஆட்டுங்க. தோ, என் துண்டு. ரெண்டு கையாலயும் ஆட்டுங்க சார், அந்தப் பொண்ணு பாக்கிற வரைக்கும் ஆட்டுங்க.